நாற்பது பக்க நோட்டும் நாலு பாஸ்வேர்டும்

மேல்மலையனூரில் கிளினிக் வைத்திருப்பவனுக்கு மாதம் என்பது அமாவாசைக்கு அமாவாசை. மற்ற நாட்களில் சளி, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி. அமாவாசை இரவில் அங்காளபரமேஸ்வரிக்கு ஊஞ்சல் உற்சவம். சென்னை, பெங்களூரு, வேலூர், புதுச்சேரி என்று நாலா பக்கமிருந்தும் சிறப்புப் பேருந்துகள் வந்து நிற்கும். அம்மன் ஊஞ்சலை விட்டு இறங்குவதற்குள் கற்பூரத்தில் கை சுட்டவர், நெரிசலில் கால் மிதிபட்டவர், பட்டினி விரதத்தில் மயங்கியவர், மாத்திரையை ஊரிலேயே மறந்துவிட்டு வந்த சர்க்கரைக்காரர் என்று என் வாசல் நிறைந்துவிடும். இந்த ஊர் டாக்டருக்கு மென்பொருள் எழுதுகிறவர் முதலில் பஞ்சாங்கத்தைப் புரட்டியிருக்க வேண்டும். என்னிடம் வந்து போன மென்பொருள் எதற்கும் அமாவாசை தெரிந்திருக்கவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் அப்பாயின்ட்மென்ட், ஆளுக்குப் பதினைந்து நிமிடம்.

நான் இங்கே போர்டு மாட்டிய எண்பதுகளில் இது தென்னாற்காடு மாவட்டம், செஞ்சி வட்டம். அப்போது மருத்துவ ஆவணம் என்றால் நாற்பது பக்க நோட்டு. பெட்டிக்கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு இருக்கும். முன்னட்டையில் கம்பவுண்டர் அண்ணன் பிள்ளையார் சுழி போட்டு, பெயரும் ஊரும் எழுதித் தருவார். உள்ளே நான் எழுதுவேன்: தேதி, தொந்தரவு, நாடி, ரத்த அழுத்தம், மருந்து. எழுதி முடித்ததும் நோட்டு நோயாளியின் மஞ்சப்பைக்குள் போய்விடும். அங்கே அதற்குத் துணையாக ரேஷன் கார்டு, வேலூர் சி.எம்.சி. எக்ஸ்ரே, ஜிப்மர் சீட்டு, வெற்றிலைப் பொட்டலம் எல்லாம் இருக்கும். ஆக, முழு மருத்துவ வரலாறும் நோயாளியின் தோளில் தொங்கும். என்னிடம் தங்கியது கடன் பேரேடு ஒன்றுதான். அதுவும் கம்பவுண்டர் கையில்தான் இருந்தது.

அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று சொல்லிவிட மாட்டேன். நோட்டில் குழம்பு கொட்டும். பேரப்பிள்ளை யானை வரைந்து வைத்திருப்பான். கொட்டிலில் கட்டியிருந்த ஆடு ஒருமுறை ஒரு காசநோய்க்காரரின் பாதி வரலாற்றைத் தின்றுவிட்டது. இதையெல்லாம் தாண்டி நோட்டு பத்திரமாக வந்து சேர்ந்தாலும் என் கையெழுத்து என்ற கடைசிக் கண்டம் ஒன்று இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் ஊரிலேயே கம்பவுண்டர் அண்ணன் ஒருவர்தான். அவரும் சில நாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, "சார், இது மருந்தா, பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பாத்த எடமா?" என்று கேட்பார்.

மருந்து கலப்பதும் அவர்தான். நோயாளிகள் பாட்டில் கொண்டுவர வேண்டும். பெரும்பாலும் அது கழுவிக் கவிழ்த்த குவார்ட்டர் பாட்டிலாக இருக்கும். அதில் கார்மினேட்டிவ் மிக்ஸ்சரை ஊற்றி, வெள்ளைத் தாளை நீளவாக்கில் மடித்து, ஓரத்தைக் கத்தரியால் பல் பல்லாக வெட்டி, பசை தடவி ஒட்டுவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் அது புரிந்தது. பிறகு நான் பார்த்த எந்தக் கணினித் திரையும் அவ்வளவு தெளிவாக மருந்தின் அளவைச் சொன்னதில்லை.

ஆளை அடையாளம் காணும் வேலையும் அண்ணனுடையதுதான். எங்கள் பக்கத்தில் குலதெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைக்காத குடும்பம் குறைவு. அங்கம்மாள், அங்காயி, அங்காளன், அங்கப்பன் என்று கூப்பிட்டால் வரிசையில் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள். அண்ணன் பெயரை நம்புவதில்லை. "வளத்தி ரோட்டுல டீக்கடை வச்சிருந்தாரே, அவரு ரெண்டாவது மருமவ. போன தபா மூச்சு வாங்கி வந்துச்சே, அது." இதில் முகவரி, உறவு, போன முறை வந்த நோய் எல்லாம் அடங்கிவிடும். வயது மட்டும் கொஞ்சம் முன்பின் இருக்கும். "எம்ஜியார் மொதல்ல ஆட்சிக்கு வந்தப்ப எனக்குக் கல்யாணம்" என்பார்கள். 1977 என்று வைத்து நான் கணக்குப் போட்டுக்கொள்வேன். ரத்தக் கொதிப்பு மாத்திரை கொடுக்க அந்தத் துல்லியம் போதுமானதாக இருந்தது.

அந்தக் காலத்தில் அரசாங்கமும் மாற்றங்கள் செய்தது. 1993 செப்டம்பர் 30 அன்று தென்னாற்காட்டைப் பிரித்து, எங்களை விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டத்தில் சேர்த்தார்கள். ரப்பர் ஸ்டாம்பில் இடம் பத்தாமல் மாவட்டப் பெயர் இரண்டு வரியானது. 1997-ல் மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பெயரை எடுத்ததும் மறுபடி ஒரு வரியாகச் சுருங்கியது. இரண்டு மாற்றத்துக்கும் எனக்கு ஆன செலவு செஞ்சியில் செய்த இரண்டு ஸ்டாம்புகள்தான். பழைய நோட்டுகளை யாரும் புதிய மாவட்டத்துக்கு 'மைக்ரேட்' செய்யச் சொல்லவில்லை. ஆடு தின்றது போக மற்றவை அப்படியே செல்லுபடியாயின.

இரண்டாயிரங்களில் கணினி வந்தது. சென்னையில் ஒரு மாடிப்படிக்கு மேலே இருந்த கம்பெனி ஒன்று, சி.டி.யில் மென்பொருள் கொடுத்து, கூடவே கட்டைவிரல் அளவில் ஒரு பூட்டும் கொடுத்தது. அதைக் கணினியின் பின்னால் செருகினால்தான் மென்பொருள் கண் திறக்கும். கடன் பேரேட்டுக்குப் பூட்டுப் போட்டதில்லை, இதற்குப் பூட்டா என்று அண்ணன் வியந்தார். பெயரைத் தட்டினால் பழைய வருகைகள் வரிசையாக வந்தன. மருந்துச் சீட்டு அச்சாகி வந்தது. என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே மனிதர் வேலை குறைந்து உட்கார்ந்தார். மருந்துக்கடைக்காரர்கள் மகிழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பிறகு மின்வெட்டு வந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு பகலும் இரவுமாகப் பத்து மணி நேரத்துக்கு மேல் இருட்டில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். யூ.பி.எஸ். அரை மணி நேரம் கத்திவிட்டு ஓய்ந்துவிடும். அண்ணன் சத்தம் போடாமல் ஒரு நாற்பது பக்க நோட்டை மேசைக்கு அடியிலிருந்து எடுப்பார். கரண்ட் வந்ததும் நோட்டில் இருந்ததைக் கணினியில் ஏற்றுவோம். காகிதத்தை ஒழிக்க வாங்கிய கணினிக்குக் காகிதமே தீனி போட்டது. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. புதிய கணினி வாங்கினேன். பழைய மென்பொருள் அதில் ஓட மறுத்தது. மாடிப்படிக் கம்பெனிக்குப் போன் செய்தால் அது எப்போதோ கதவைச் சாத்தியிருந்தது. பத்தாண்டு காலச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பழைய கணினிக்குள், பூட்டோடு, கட்டிலுக்கு அடியில் போயின. அந்த நோயாளிகளின் பழைய நோட்டுகள் மட்டும் மஞ்சப்பையில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன.

இப்போது இருப்பது கிளவுட் மென்பொருள். சி.டி. கிடையாது, பூட்டு கிடையாது. மாதாமாதம் சந்தா. அறிமுகம் செய்ய வந்த பையன் இன் பண்ணிய சட்டையோடு அதிகாலைப் பேருந்தில் வந்து இறங்கினான். "சார், இனிமே நீங்க எதையும் எழுதவே வேணாம், செலக்ட் பண்ணினா போதும்" என்றான். எழுதாமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்று முதல் நோயாளியிலேயே தெரிந்துவிட்டது.

அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த பாட்டி. என்ன தொந்தரவு என்றேன். "ஒடம்பே ஒரு மாதிரியா கீது சாமி" என்றார். எங்கள் பக்கத்தில் பாதி நோய்கள் இப்படித்தான் உள்ளே வரும். இரண்டு நிமிடம் பேச்சுக் கொடுத்தால், மகன் போன் பண்ணாத கவலையா, ஹீமோகுளோபின் குறைவா, மாரடைப்பின் தொடக்கமா என்று மெல்ல வெளியே வரும். மென்பொருளுக்கு அந்த இரண்டு நிமிடம் கிடையாது. பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கம் திறக்காது. பட்டியல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 நோய்க் குறியீடுகள். 'ஒரு மாதிரியா'வுக்குக் கிட்டத்தில் வருவது ஆர்53, சோர்வும் அசதியும். சரி என்று அதைத் தட்டினேன். நான் தேடித் தட்டி முடிக்கும்வரை பாட்டி பொறுமையாக இருந்துவிட்டு, வெளியே போய் வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் சொன்னாராம்: "டாக்டரு நல்லாத்தான் கீறாரு. என்னைப் பாக்காம டீவியையே பாக்கறாரு. அவருக்கு இன்னா கவலையோ."

அந்தக் குறியீட்டுப் பட்டியலை ஓய்வு நேரத்தில் படித்துப் பார்த்தேன். நல்ல இலக்கியம். அமெரிக்கர்கள் 2015 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த பதிப்பில் வாத்து மோதிக் காயம் பட்டால் அதற்குத் தனிக் குறியீடு உண்டு: டபிள்யூ61.62. எங்கள் ஏரிகளில் வாத்து மேய்ப்பவர்கள் இதுவரை அப்படி ஒரு புகாரோடு வந்ததில்லை. ஆனால் எங்கள் ஊருக்கென்றே எழுதியதாக ஒன்று கிடைத்தது. எஃப்44.3, தன்வசம் இழந்து ஆடுதலும் ஆவேசமும். அதாவது பேய் பிடித்தல், சாமி வருதல். பில்லி, சூனியம், காத்து கருப்பு என்று மனம் பேதலித்தவர்களை அழைத்துவந்து அங்காளம்மன் சன்னதியில் நிறுத்தும் ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! கீழே ஒரு குறிப்பும் இருக்கிறது. விருப்பமில்லாமல் வருவதையும், மதச் சடங்குக்கும் பண்பாட்டு வழக்கத்துக்கும் வெளியே நிகழ்வதையும்தான் இதில் சேர்க்கலாமாம். அமாவாசை நள்ளிரவில் கோயில் வாசலில் தலைமுடி அவிழ்த்து ஆடினால் அது நோய் இல்லை. அதே ஆட்டத்தை மறுநாள் மாமியார் எதிரில் அடுப்படியில் ஆடினால் எஃப்44.3. ஊர்ப் பெரியவர்களும் காலங்காலமாக இந்தத் தீர்ப்பைத்தான் சொல்லி வருகிறார்கள். ஜெனீவாக்காரர்கள் அதற்கு எண் போட்டிருக்கிறார்கள்.

எச்சரிக்கைகளின் கதை வேறு. நோட்டுக் காலத்தில் ஒரு பெண்மணிக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்ததும், அண்ணன் சிவப்பு மையில் அட்டை முழுக்கக் குறுக்கே எழுதினார்: பென்சிலின் கூடாது. வீட்டுக்காரர், பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரி எல்லோருக்கும் அது மனப்பாடம் ஆனது. பின்னால் அந்தப் பெண்மணியை மூச்சுத் திணறலோடு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியபோது, வண்டியில் ஏறும் முன்பே மகன் அந்த அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். அங்கே முதலில் பேசியதும் அந்த அட்டைதான். இப்போது மென்பொருள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வாமை கேட்கிறது, ஒவ்வொரு மருந்துக்கும் மஞ்சள் பெட்டி காட்டுகிறது. பாரசிட்டமாலுக்குக் கல்லீரல் எச்சரிக்கை, இருமல் மருந்துக்குத் தூக்க எச்சரிக்கை, இரண்டையும் சேர்த்தால் மூன்றாவது எச்சரிக்கை. பத்து நாளில் விரல் தானாகவே 'சரி'யைத் தட்டப் பழகிவிடும். மேலைநாட்டு மருத்துவமனைகளில் இந்த எச்சரிக்கைச் சலிப்பைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. உயிரைக் காக்க வேண்டிய ஒரே ஒரு பெட்டியும் மற்றவற்றின் நிறத்திலேயே வருவதுதான் சிக்கல். சிவப்பு மை அரிதாக இருந்ததால் அதற்கு மதிப்பு இருந்தது.

எனக்கு மட்டும்தான் இந்தப் பாடா என்று தேடியபோது ஆறுதல் கடல் கடந்து கிடைத்தது. அமெரிக்கா 2009-ல் ஹைடெக் என்ற சட்டம் போட்டு, மின்னணு ஆவணத்துக்கு மாறும் டாக்டர்களுக்குக் காசு கொடுத்தது. 2016-ல் அங்கே ஒரு மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, டாக்டர் நோயாளியோடு நேரடியாகச் செலவிடும் ஒவ்வொரு மணிக்கும் கணினியிலும் மேசை வேலையிலும் இன்னும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போகிறது. பிரிட்டன் 2002-ல் இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே ஆவண அமைப்பு என்று கிளம்பி, பல நூறு கோடி பவுண்டு செலவழித்து, 2011-ல் அந்தத் திட்டத்தையே கலைப்பதாக அறிவித்தது. மேல்மலையனூரில் நான் இழந்தது ஒரு கணினியும் ஒரு பூட்டும்தான். லண்டனோடு ஒப்பிட்டால் சிக்கனமாகவே தோற்றிருக்கிறேன்.

புது மென்பொருளுக்குப் பாசம் அதிகம். வாடிக்கையாளர் உறவு என்று ஒரு பகுதி இருக்கிறது. அதுவாகவே குறுஞ்செய்தி அனுப்பும். எங்கள் பக்கத்துப் பெரியவர்களில் பலருக்குப் பிறந்த வருடமே உத்தேசம்தான். தேதி கேட்டால் ஜனவரி 1 என்று போட்டு வைப்பது வழக்கம். விளைவு, புத்தாண்டுக் காலையில் சுற்றுவட்டாரத்தின் மொத்த முதுமையும் ஒரே நேரத்தில் பிறந்தநாள் வாழ்த்துப் பெற்றது. "எனக்குப் பொறந்த நாளாமே, பேரன் பெங்களூர்லேருந்து போன்ல சொன்னான். கேக்கு வெட்டவா, ஊசி போட வரவா?" என்று ஒரு தாத்தா வந்து நின்றார். செய்தி பேரனுக்குப் போனதற்கும் காரணம் உண்டு. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் பிழைக்கப் போன இடத்தில் இருக்கும். நோய் இங்கே, ஓ.டி.பி. பெங்களூரில்.

இன்னொரு செய்தி ஆறு மாதம் வராதவர்களுக்குப் போவது: உங்களைப் பார்த்து நாளாகிறது, நலமா? ஒருநாள் காலை, நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வரிசையில் நிற்காமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டதும் போனை நீட்டினார். அவர் அம்மா பெயருக்கு வந்த செய்தி. அந்த அம்மா போய்ச் சேர்ந்து மூன்று மாதம். கோபமே இல்லாமல் கேட்டார்: "இதுக்குப் பதில் போடணுமா சார்?" என்ன சொல்வது என்று தெரியாமல் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். திரையில் தேடினால் 'இறந்துவிட்டார்' என்று குறிக்க இடமில்லை. 'செயலற்றவர்' என்று ஒரு பொத்தான் இருந்தது. கம்பவுண்டர் அண்ணன் காலத்தில் சாவுச் செய்தி பறைச் சத்தத்தோடு கிளினிக் வாசலைத் தாண்டிப் போகும். அவர் எழுந்துபோய் மாலை போட்டுவிட்டு வருவார். வந்ததும் பேரேட்டை எடுத்து, அந்தக் குடும்பத்துப் பாக்கியின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'தீர்ந்தது' என்று எழுதிவிடுவார். என்னைக் கேட்க மாட்டார். எந்த மென்பொருள் கம்பெனிக்காரரிடமும் இந்த வசதியைக் கேட்டு வாங்க முடியவில்லை.

செஞ்சியிலிருந்து பிரிந்து மேல்மலையனூர் தனி வட்டமாகி ஆண்டுகள் ஓடிவிட்டன. மென்பொருளின் பட்டியலில் இன்னும் செஞ்சி வட்டம்தான். தகவல் சொன்னால், "டிக்கெட் எழுப்பியிருக்கிறோம் சார்" என்று பதில் வரும். டிக்கெட்டும் பேருந்தும் தனித்தனியாகத்தான் வரும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு அமாவாசைதோறும் பழக்கம் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

2024 நவம்பர் 30. கார்த்திகை அமாவாசை. அன்றிரவே ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை தொட்டு, நகராமல் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலைக் கணக்கில் எங்கள் மாவட்டத்து மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை. கரண்ட் போனது, டவர் போனது, இணையம் போனது. என் நோயாளிகளின் ஆவணங்கள் எங்கோ ஒரு பெருநகரத்து சர்வரில் சொட்டு நனையாமல் பத்திரமாக இருந்தன. எனக்கோ ஒருவருடைய இன்சுலின் அளவுகூடத் தெரியவில்லை. அப்போது வரவேற்பில் இருக்கும் பெண், பி.காம். படித்தவள், கணினியில் என்னைவிடப் பத்து மடங்கு கெட்டிக்காரி, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தாள். நிரந்தர நோயாளிகளின் பெயர், சர்க்கரை, மாத்திரை, அளவு எல்லாம் குண்டு குண்டான எழுத்தில். "நெட்டு போறப்ப வேணுமேன்னு எழுதி வச்சிருந்தேன் சார், திட்டுவீங்கன்னு சொல்லல" என்றாள். கரண்ட் திரும்பி வரும்வரை கிளினிக் அந்த நோட்டில்தான் ஓடியது.

இவ்வளவு சொன்ன பிறகும் பழைய காலத்துக்குத் திரும்பிப் போகலாம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒருவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏறுவதைக் கோடாக வரைந்து திரையில் காட்டினால், பத்து வருட அறிவுரைக்கு அசையாதவர் மறுநாள் காலை நடக்கக் கிளம்புகிறார். மாத்திரை வாங்க வராமல் நின்றுபோனவர்களின் பட்டியல் ஒரு தட்டில் கிடைக்கிறது. 2012 மே முதல் காசநோயாளி யாராக இருந்தாலும் தனியார் டாக்டரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதை நிக்ஷய் தளத்தில் இருந்த இடத்திலிருந்தே செய்ய முடிகிறது. கர்ப்பிணிக்குப் பிக்மி தளத்தில் கிடைக்கும் 12 இலக்க எண், பின்னால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்வரை துணை வருகிறது. இவற்றையெல்லாம் ஆடு தின்னாது. விலையாக நான் சுமப்பது நாலு பாஸ்வேர்டு: கிளினிக் மென்பொருளுக்கு ஒன்று, நிக்ஷய்க்கு ஒன்று, டாக்டர் பதிவேட்டுக்கு ஒன்று, மருத்துவ நிறுவனப் பதிவுக்கு ஒன்று. நாலையும் அந்தப் பெண் எங்கே எழுதி வைத்திருக்கிறாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் சண்டை கணினியோடு இல்லை, வெளியே வரும் வழி இல்லாத வீட்டோடுதான். சந்தா ஏறியதால் வேறொரு மென்பொருளுக்கு மாறலாம் என்று பேச்செடுத்தபோதுதான் அது புரிந்தது. உள்ளே போகும்போது சிவப்புக் கம்பளம். வெளியே வரக் கேட்டால், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பி.டி.எஃப். தருகிறோம் என்றார்கள். பி.டி.எஃப். என்பது திரும்பவும் காகிதம்தான், கையில் பிடிக்க முடியாத காகிதம். அதில் இருக்கும் சர்க்கரை அளவைப் புது மென்பொருளால் எடுத்துக்கொள்ள முடியாது. ஆள் வைத்து மறுபடி தட்ட வேண்டும். மாடிப்படிக் கம்பெனியின் பூட்டு கண்ணுக்குத் தெரிந்தது. இந்தப் பூட்டு தெரியவில்லை, அவ்வளவுதான் முன்னேற்றம்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் திருத்தி வெளியிட்ட மின்னணு ஆவண நெறிமுறை இதில் தெளிவாகவே இருக்கிறது. சேமித்து வைத்திருக்கும் சாதனம் டாக்டருடையது. அதில் இருக்கும் தகவல் நோயாளியுடையது. டாக்டர் அதை நோயாளியின் சார்பில் நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கிறார். மென்பொருள் விற்றவருக்கு உரிமைப் பட்டியலில் இடமே இல்லை. ஆனால் சாவி மட்டும் அவரிடம். 2020 ஆகஸ்டில் பக்கத்துப் புதுச்சேரி உள்ளிட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் வெள்ளோட்டம் பார்த்து, 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதற்கும் விரித்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஆபா என்ற 14 இலக்க எண் தருகிறார்கள். ஆவணம் எங்கே உருவானதோ அங்கேயே இருக்குமாம். நோயாளி சம்மதித்தால் எந்த டாக்டரும் பார்க்கலாமாம். நோயாளி எங்கே போனாலும் வரலாறும் கூடவே போகுமாம். விளக்கக் கூட்டத்தில் இதைக் கேட்டுவிட்டு வந்து, வேலையை விட்டு ஓய்வில் இருக்கும் கம்பவுண்டர் அண்ணனிடம் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டார். "அதான் சார், மஞ்சப்பை" என்றார். நாற்பது வருடமும் பல்லாயிரம் கோடியும் செலவழித்து உலகம் எட்டிப் பிடிக்கப் பார்க்கும் தத்துவத்தை அவர் பெட்டிக்கடைச் சில்லறையில் முடித்து வைத்திருந்தார்.

ஆகவே புதிதாகப் போர்டு மாட்டும் இளம் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. மென்பொருள் விற்க வருகிறவரிடம் என்னென்ன வசதி என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். நான் விலகும் நாளில் எல்லாத் தகவலையும், இன்னொரு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவில், கூடுதல் காசில்லாமல் தருவீர்களா? இணையம் இல்லாத இரவில் என் நோயாளியின் இன்சுலின் அளவை எங்கே பார்ப்பது? உங்கள் கம்பெனி மூடினால் சாவி யாரிடம்? பதில்களை எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல்லில் வேண்டாம். பதில் வராவிட்டால் அவரை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நோயாளிகளுக்கும் ஒன்று. எங்கே வைத்தியம் பார்த்தாலும் சீட்டு, பரிசோதனை முடிவு, மருந்து அளவு மூன்றையும் அச்சில் கேட்டு வாங்கி ஒரு பையில் போட்டு வையுங்கள். உள்நோயாளியாக இருந்திருந்தால் உங்கள் ஆவணத்தைக் கேட்கத் தயங்காதீர்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் அதை உங்களிடம் கொடுத்தாக வேண்டும்.